'லால்' மாத்திரையும் ஓவர்டிராஃப்டும்

ஓணம் லீவுக்கு நாகர்கோவில் போனப்ப மெட்டோப்ரோலால் மாத்திரையை எடுத்துக்க மறந்துட்டேன். பிரஷர் நார்மல்தானேன்னு மூணு நாள் சும்மா இருந்தேன். நாலாம் நாள் நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது. திருவனந்தபுரம் திரும்பினதும் டாக்டர்கிட்ட நல்ல திட்டு. ஸ்ரீ சித்ரா இருக்கிற ஊர்ல குடியிருந்தும் புத்தி இல்லை!

மெட்டோப்ரோலால், அடெனோலால்னு 'லால்'ல முடியற இந்த பீட்டா பிளாக்கர்கள், அட்ரினலின் இதயத்தை விரட்டாம தடுக்குது. திடீர்னு நிறுத்தினா, தடுத்து வெச்சதெல்லாம் ஒரேயடியா பாயும். மாரடைப்பு வரைக்கும் போகலாம். ஓவர்டிராஃப்டை ஒரே நாள்ல மூடினா வியாபாரி கவிழற மாதிரிதான். நிறுத்தணும்னா டாக்டர் சொல்றபடி படிப்படியாத்தான் குறைக்கணும்.

ஆஸ்துமா இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. சர்க்கரைக்காரங்களுக்கு லோ சுகர் படபடப்பை இது மறைச்சிடும், வியர்வையைக் கவனிங்க.

என் கட்சி இதுதான்: "திடீர்னு நிறுத்தாதே"ன்னு அட்டையிலேயே தமிழ்லயும் மலையாளத்துலயும் பெருசா அச்சடிக்கணும். நீங்க என்ன சொல்றீங்க?