பெரிய கோயில் நிழல் விழும்... ஆனா, அதிசயம் வேற!

தஞ்சை பெரிய கோயிலுக்கு வரும் சுற்றுலாக் குழுக்களுக்கு இன்றும் சொல்லப்படும் கதை, 'விமானத்தோட நிழல் தரையில் விழாது!'. விழும். வெயில் சாய்ந்த நேரத்தில் போனால், குழந்தைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். வழிகாட்டிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. கேட்பவர்களுக்கும் அந்தக் கதைதான் பிடிக்கிறது.

நிஜமான அதிசயம் கோயில் மதிலில் கல்வெட்டாக இருக்கிறது. ஆடல் பணிக்காக ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த 400 பெண்களின் விவரம் அது. பெயர், சொந்த ஊர், தஞ்சையில் எந்தத் தெரு, எத்தனையாவது வீடு... எல்லாமே இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் சம்பளம். மன்னர் பெயர் நிலைப்பது சகஜம். 1,000 ஆண்டுகளுக்கு முன் ஆடிய பெண்ணின் வீட்டு முகவரி நிலைப்பது?

அடுத்த முறை வழிகாட்டி நிழல் கதையை ஆரம்பித்தால், 'தளிச்சேரிப் பெண்டுகள் கல்வெட்டு எங்கேண்ணே?' என்று கேளுங்கள். விஷயம் தெரிந்தவர் என்றால், முகம் மலர்ந்து கூட்டிப்போவார்.