அடிக்கணக்கு டாக்டருக்கு, அதட்டுவதற்கு அல்ல

புற்றுநோய் முற்றியவரிடம் டாக்டர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் எப்படி நடமாடுகிறீர்கள்?" சாதாரண விசாரிப்பு போலத் தோன்றும். ஆனால் கீமோதெரபியைத் தொடர்வதா, மருந்தைக் குறைப்பதா, நிறுத்துவதா என்ற முடிவு பெரும்பாலும் அந்தப் பதிலைப் பொறுத்தது. 1949-ல் வந்த கார்னாஃப்ஸ்கி மதிப்பெண்ணும், பின்னர் வந்த 'ஈகாக்' மதிப்பெண்ணும் இதற்காகவே. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்குமேல் எழுந்து நடமாடினால் ஈகாக் கணக்கில் 2. பாதிக்குமேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிந்தால் 3.

அந்தப் பாதியை வீட்டில் யார் அளக்கிறார்கள்? லேக் கார்டன்ஸில் நம்மவர் குடும்பங்களில் நான் காண்பது இதுதான். வங்காளம் சரளமாக வராத பாட்டி "பரவாயில்லை" என்பார். கூடப் போன பிள்ளை அதை "பாலோ ஆச்சேன்" என்று மாற்றிச் சொல்வான். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் உண்மை டாக்டரிடம் போய்ச் சேருவதில்லை.

மணிக்கட்டில் கட்டும் பட்டை இங்கே உதவும் என்பது என் கருத்து. கை அசைவை உணர்ந்து அது அடிகளைக் கணக்கிடுகிறது. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். லாஸ் ஏஞ்சல்ஸ் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையார் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், நோய் முற்றிய 37 பேர் ஃபிட்பிட் பட்டை அணிந்தார்கள். டாக்டர்கள் போட்ட மதிப்பெண்ணோடு அடிக்கணக்கு ஒத்துப்போயிற்று. அதிகம் நடந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்ததும் குறைவு. சிறிய ஆய்வுதான், நடந்தால் நோய் குணமாகும் என்று அது சொல்லவில்லை. அடிக்கணக்கு உடல்நிலையைக் காட்டும் அடையாளம், அவ்வளவே.

இதை மறந்தால் பட்டையே சாட்டையாகிவிடும். "பாட்டி, இன்று ஐந்நூறுதான்!" என்று பேரப்பிள்ளைகள் விரட்டுவது கொடுமை. ஊரெல்லாம் சொல்லும் பத்தாயிரம் அடி, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிமானியின் பெயரிலிருந்து பரவியது. நோயாளிக்கு வைத்த இலக்கு அல்ல. மேலும், மெதுவாக நடப்பவர், வாக்கரைப் பிடித்து நடப்பவர் அடிகளைப் பட்டை பல சமயம் குறைத்தே எண்ணும். எனவே அடுத்தவர் கணக்கோடு ஒப்பிட வேண்டாம். அவருடைய போன வாரத்தோடு ஒப்பிட்டால் போதும்.

அன்பர்களுக்கு என் வேண்டுகோள்: அணியலாமா என்று முதலில் நோயாளியையே கேளுங்கள். சம்மதித்தால், நாள்தோறும் வரும் எண்ணை ஒரு தாளில் குறித்து, ஹாஸ்ராவுக்கோ ராஜர்ஹாட்டுக்கோ போகும்போது ஃபைலில் வையுங்கள். திடீரென்று பாதியாகக் குறைந்தால் அடுத்த தேதிவரை காத்திராமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வீட்டில் அந்த எண்ணைப் பற்றிப் பேசவே வேண்டாம்.