பெயின்டுக்குக் கீழே இருப்பதையும் எழுதிக் கொடுங்கள்

வாப்பாவின் மொரிஸ் மைனரைக் கராஜுக்குக் கொடுத்தபோது நானும் எதையும் எழுதி வாங்கவில்லை. தெரிந்த பாஸ், ஊருக்குள்ளேயே வீடு, ஜும்ஆவுக்கு ஒரே பள்ளியில் தொழுகிறவர். "மூணு மாசத்தில தாறன் காக்கா" என்றார். முற்பணமாக ஒரு தொகையைக் கையில் வைத்தேன். மூன்று மாதம் பதினாறு மாதமாயிற்று. இடையில் நான்கு தடவை பணம் கேட்டார், நான்கு தடவையும் கொடுத்தேன். எதற்குக் கொடுத்தேன் என்று காட்ட இன்று என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. கார் வீட்டுக்கு வந்தபோது கண்ணாடி மாதிரி மினுங்கியது. அடுத்த மாரி முடிவதற்குள் கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்புளித்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பெயின்ட், அதற்குக் கீழே விரல் தடிப்புக்குப் பேஸ்ட், அதற்கும் கீழே பழைய துரு அப்படியே இருந்தது.

பாஸிடம் சண்டைக்குப் போகத்தான் புறப்பட்டேன். வாசலைத் தாண்டுமுன் நான் அவரிடம் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. "செலவக் கொறச்சு, பாக்க வடிவா இருந்தாப் போதும் தம்பி." அவர் நான் கேட்டதைத்தான் செய்து தந்திருந்தார்.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியை விட்டு உள் ஒழுங்கைகளில் திரும்பினால், தென்னை நிழலில் தகரக் கூரை போட்ட கராஜ்களைக் காணலாம். மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ-40, பெஜோ, டட்சன் சன்னி, பழைய கொரோல்லா என்று வீட்டு முற்றத்திலேயே பிரித்துப் போட்டு வேலை நடக்கிறது. இதைப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. என் கணக்கில் இது வியாபாரம். எமது இளைஞர்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போகாமல் ஊரிலிருந்தே உழைக்கக்கூடிய வியாபாரம். ஆனால் ஒரு பெட்டிக்கடையின் கடன் கொப்பியில் இருக்கும் ஒழுங்குகூட இதில் இல்லை.

இந்தக் கைத்திறன் எமக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1977க்கு முந்திய வருடங்களில் இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. புதுக்கார் என்பது கனவு. இருந்த வண்டியைத்தான் ஓட்டியாக வேண்டும். பார்ட் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்தார்கள், ஒன்றின் பாகத்தை இன்னொன்றுக்கு ஒப்பேற்றினார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பான் ரீகண்டிஷன் வாகனங்கள் வந்து குவிந்தன. பழுதானதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுவதே மெக்கானிக் வேலை என்றாகிவிட்டது. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்குப் பாய்ந்தது. முருங்கை மரத்தடியில் கோழி அடைந்து கிடந்த வண்டிகளைக்கூட ஆட்கள் தேடி வந்து விலை கேட்டார்கள். ஓய்ந்திருந்த பழைய பாஸ்மார் மறுபடி ஸ்பெனர் பிடித்தார்கள்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பவும் திறக்கப்பட்டது. "இனி இந்தப் பழைய தகரத்த யாரு தேடப் போறா?" என்று கேட்கிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. தீர்வை, உற்பத்தி வரி, அதற்கு மேல் 18 சதவீத வற் என்று ஏறிய பிறகு, ஒரு புதுக்கார் எமது சாதாரண கடைக்காரரின் கைக்கு எட்டும் விலையில் இல்லை. பழையதை ஓட்டுகிறவர் இன்னும் பல வருடம் ஓட்டத்தான் போகிறார். இன்னொரு வகை வாடிக்கையாளரும் இருக்கிறார். கொழும்பிலும் கண்டியிலும் பழைய காரை ஆசைக்காக வாங்குகிறவர், கல்யாணத்துக்கு வாடகைக்கு விட வாங்குகிறவர். இவர் விலைக்குப் பெரிதாக யோசிக்க மாட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குத்தான் யோசிப்பார். எமது கராஜ்கள் இவரிடம் தோற்பது அந்த இடத்தில்தான்.

இங்கிலாந்தில் பாத் நகரில் சார்ல்ஸ் வெயர் என்பவர் 1976இல் மொரிஸ் மைனருக்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். அந்தக் காரின் உற்பத்தியோ 1971இலேயே நின்றுவிட்டது. 1948 முதல் பதினாறு இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி, ஒழுங்காகப் பார்த்தால் எத்தனை காலமும் ஓடும், புதுசு வாங்குவதைவிட இதைப் புதுப்பிப்பது இலாபம் என்பது அவருடைய கட்சி. அவர் 1990களில் மொரிஸ் பாகங்கள் செய்ய ஒரு சிறு தொழிற்சாலையை ஆரம்பித்தது எங்கே தெரியுமா? எமது இலங்கையில், உள்ளூர்ப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து. இலங்கைத் தொழிலாளி தட்டி எடுத்த தகட்டை ஆங்கிலேயர் வாங்கித் தமது காரில் பூட்டினார்கள். ஆகவே கைவேலை எமக்குப் போதாது என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எமக்கு முதல் எதிரி உப்புக்காற்று. கடலுக்கும் வயலுக்கும் நடுவே நாடா மாதிரி நீண்டு கிடக்கும் ஊர்கள் எமது ஊர்கள். காற்றில் வரும் உப்பும் வீதியில் பறக்கும் மணலும் வண்டியின் அடியில் போய்ப் படிகின்றன. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தில் தண்ணீர் வடிவதற்கென்று கம்பனி விட்ட சிறு துளைகளை மணல் அடைத்துக் கொள்கிறது. உள்ளே தேங்கும் ஈரம் உள்ளிருந்து வெளியே தின்று வருகிறது. வெளியில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே முக்கால்வாசி போயிருக்கும். அதன் மேல் பேஸ்ட் பூசுவது புண்ணுக்கு மேல் பவுடர் போடுகிற வேலை.

மொரிஸ் மைனரில் இது அழகுப் பிரச்சினையும் அல்ல, உயிர்ப் பிரச்சினை. லொறிக்கு இருப்பதுபோல முழு நீளத் தனிச் சேஸிஸ் அதற்குக் கிடையாது. தரைத்தகடு, இரு பக்கப் பெட்டிச் சட்டங்கள், நடுவில் ஓடும் குறுக்குச் சட்டம், பின் வில்லுத்தகடு பூட்டும் இடம், இவைதான் அதன் முதுகெலும்பு. இவை இற்றுப்போன வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்து ஒருவர் தன் பெண்சாதி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பொத்துவிலுக்குப் போகிறார் என்றால், போகிறவருக்கு அது தெரியாது. பெயின்ட் அடித்தவருக்குத் தெரியும்.

ஒழுங்கான வேலை என்னவென்று நல்ல டிங்கர் பாஸிடம் கேட்டால் சொல்வார். துருப்பிடித்த தகட்டின் மேல் இன்னொரு தகட்டை ஒட்டக் கூடாது. நல்ல இரும்பு தெரியும் வரை வெட்ட வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது. கதவு வாசலுக்குக் குறுக்கே முண்டு கொடுத்து, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மற்றப் பக்கம். இல்லாவிட்டால் உடல் தொய்ந்து போய்க் கதவு பூட்டாது. மெல்லிய தகட்டுக்குக் காஸ் வெல்டிங்கின் சூடு கூடிப்போனால் தகடு நெளிந்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு பெட்டிச் சட்டத்துக்கு உள்ளேயும் துருத்தடுப்பு விசிற வேண்டும். முன் சில்லின் கீழ் மூட்டுத் திருகு தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிறீஸ் காணாத மொரிஸ்களில் அது கழன்று, சில்லு மடிந்து வீதியில் உட்கார்ந்த கதைகள் அனேகம். இவை ஒன்றும் வெளியில் தெரியாத வேலைகள். தெரியாத வேலைக்குக் காசு கொடுக்க நாம் தயாராக இல்லை. அதனால்தான் தெரிகிற பெயின்ட் மட்டும் நன்றாக இருக்கிறது.

எனவே பாஸ்மாரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "முழு வேலையும் சேத்து எவ்வளவு?" என்று வண்டியைப் பிரிக்கு முன்பே கொந்தராத்து விலை கேட்கிறோம். உள்ளே என்ன இருக்கிறதென்று மனிதனுக்கு எப்படித் தெரியும்? குறைத்துச் சொன்னால் அவருக்கு நட்டம், கூட்டிச் சொன்னால் நாம் அடுத்த கராஜுக்குப் போய்விடுகிறோம். கடைசியில் குறைத்துச் சொல்லி, வேலையில் பிடித்துக் கொள்கிறார். இன்னொன்று, வண்டியை விட்டுவிட்டு வெளிநாடு போகிறவர்கள். இரண்டு வருடம் தொடர்பில்லை, காசில்லை, அரைவாசி பிரித்த வண்டி அந்த ஏழையின் முற்றத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. திரும்பி வந்தவர் முதல் கேட்பது, "டிக்கிக்குள்ள இருந்த ஜாக் எங்க?"

என் யோசனை பெரிய யோசனை அல்ல. முதலில் பிரித்துப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு கூலி பேசுங்கள். கார்ப்பெட்டை எடுத்து, பழைய பேஸ்டைச் சுரண்டி, உள்ளதைக் கண்ட பிறகு மதிப்பீடு எழுதட்டும். வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தரை முடிந்தால் தரைக்கு, பொடி முடிந்தால் பொடிக்கு, எஞ்சின் முடிந்தால் எஞ்சினுக்கு என்று பணம் கொடுங்கள்; அதுவும் ஒவ்வொன்றையும் மூடு முன் கண்ணால் பார்த்து, அல்லது வட்ஸ்அப்பில் படம் வாங்கி. வண்டியோடு ஒப்படைத்த சாமான்களுக்கு ஒரு பட்டியல். பஞ்சிகாவத்தையில் வாங்கிய பார்ட்ஸுக்கு அந்தக் கடையின் ரசீது. உரிமையாளர் இத்தனை மாதத்துக்கு மேல் வராவிட்டால் முற்றத்துக்கு வாடகை என்பதும் அதே கடதாசியில். இரண்டு கையெழுத்து, ஒரு சாட்சி.

"கடதாசி கேட்டா நம்பிக்க இல்ல என்று அர்த்தம்" என்று கோபிப்பவர்கள் எமது ஊரில் அதிகம். கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சியும் வைத்துக்கொள்ளச் சொல்லும் 2:282 அல்குர்ஆனின் ஆக நீளமான வசனம். அது விசுவாசிகளை நோக்கித்தான் பேசுகிறது. நம்பிக்கை இல்லாதவர்களை நோக்கி அல்ல. கராஜில் விட்ட வண்டி அமானிதம். அமானிதத்தில் இரண்டு பக்கமும் பிசகாமல் இருக்கத்தான் எழுத்து.

விற்பனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபிகளாரின் சம்பவத்தை எத்தனை குத்பாக்களில் கேட்டிருப்போம்! பேஸ்டுக்குக் கீழே இருக்கும் துருவும் அந்த ஈரம்தான். கொழும்பிலிருந்து வருகிறவர் சட்டைப் பையில் ஒரு சிறு காந்தத்தோடு வருகிறார். பேஸ்ட் தடித்த இடத்தில் அது ஒட்டாது. ஒரு இடத்தில் விழுந்தால் போதும், நீங்கள் சொன்ன மற்ற எல்லாவற்றையும் அவர் சந்தேகிப்பார். அதைவிட "இந்த இடம் வெட்டி ஒட்டியது, இதோ படம், இந்த இடம் இன்னும் செய்யவில்லை" என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். செய்யாத இடத்துக்குக் கொஞ்சம் குறைப்பார், செய்த இடத்துக்கு முழு விலையும் தருவார்.

பதிவுப் புத்தகத்தில் இன்னும் கவனம் வேண்டும். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்திலும் திருத்த வேண்டும். "வண்டி இல்ல, புத்தகம் மட்டும் இருக்கு, எடுக்கிறீங்களா?" என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். ஒரு வண்டியின் புத்தகத்தில் இன்னொரு வண்டி ஓடுவது குற்றம்; சேஸிஸ் இலக்கத்தில் கை வைப்பது அதைவிடப் பெரிய குற்றம். பொலிஸ் வரும்போது விற்றவர் இருக்க மாட்டார், வண்டி உங்கள் முற்றத்தில் நிற்கும்.

கராஜில் நின்றே தொழில் பழகிய இளைஞர்களுக்கு ஒரு செய்தி. படிக்கவில்லை என்பதற்காகச் சான்றிதழ் இல்லாமல் இருக்கத் தேவையில்லை. தேசிய தொழிற்தகைமை முறையில், அதாவது என்.வி.கியூ.வில், அனுபவத்தைச் சோதித்தே தகைமை வழங்கும் வழி இருக்கிறது. சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரியில் போய் விசாரியுங்கள். நாளைக்கு வெளிநாடு போக நேர்ந்தாலும் கூலியாளாகப் போவதற்கும் சான்றிதழோடு போவதற்கும் சம்பளத்தில் உள்ள வித்தியாசத்தைப் போய் வந்தவர்களே சொல்வார்கள்.

வாப்பாவின் மொரிஸ் இப்போது திரும்பவும் கராஜில் நிற்கிறது. அதே பாஸ்தான். இம்முறை முதலில் பிரித்துப் பார்க்கும் கூலி மட்டும் பேசினோம். நேற்று இரவு ஒன்பது படங்கள் அனுப்பியிருந்தார். நடுக் குறுக்குச் சட்டத்தின் ஒரு முனையில் பேனையை நுழைத்துக் காட்டியிருக்கிறார். பேனை பாதிவரை உள்ளே போயிருக்கிறது. "காக்கா, இது முந்தியே இருந்தது, அப்ப செல்லப் பயந்து விட்டுட்டன்" என்று குரல் பதிவும் வந்தது. மதிப்பீட்டைச் சனிக்கிழமை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் நினைத்ததைவிட அது கூடத்தான் வரும்.