அயற்சொல் மூவாயிரம் இனிக்கும். தாய்ச்சொல் மூன்று கசக்குமோ?

தூய தமிழ்ச்சொல் ஒன்றைக் கேட்ட அளவிலேயே, “இஃது யாருக்கு விளங்கும்? இதை யார் நினைவில் வைப்பது?” என்று முகஞ் சுளிக்கின்ற கற்றார் கூட்டம் ஒன்று தமிழகத்தில் உண்டு. அக்கூட்டத்தார் வீட்டில் விடியல் நான்கு மணிக்கே விளக்கெரியக் காண்பவர், அவர்தம் மகன் என்ன படிக்கின்றான் என்று ஒருமுறை எட்டிப் பார்த்தல் வேண்டும். கணக்கியலா? பொறியியலா? இரண்டும் அல்ல. ‘அபேசு’ என்றால் தாழ்த்து; ‘அபாசு’ என்றால் நாணச் செய்; ‘அபேட்டு’ என்றால் தணி. இவ்வாறு ஆங்கில அகரவரிசையில் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாய் நெட்டுருப் போட்டுக்கொண்டிருக்கின்றான் அவன்!

எதற்காக? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்பட்டம் பயிலப் புகுவார்க்கென நடத்தப்பெறும் தேர்வுக்காக. மாணவர் வாயில் ‘சி.ஆர்.இ.’ எனச் சுருங்க வழங்கும் இத்தேர்வு, 1936-இல் ஆர்வர்டு, ஏல், பிரின்சுடன், கொலம்பியா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களின் முயற்சியாய்த் தொடங்கியது. இதன் மொழிப்பகுதிக்கென்று பேரன்சு என்னும் வெளியீட்டகத்தார் தொகுத்த பட்டியலில் மட்டும் ஏறத்தாழ 3,500 சொற்கள். சிறுசிறு அட்டைகளில் ஒருபுறம் சொல்லும் மறுபுறம் பொருளுமாய் எழுதி, பேருந்திலும் படுக்கையிலும் புரட்டிப் புரட்டி உருவேற்றிய தமிழ் மாணவர் எத்துணையோ பேர். இன்று அட்டை போய்க் கைப்பேசி வந்துள்ளது. உருவேற்றல் மட்டும் போகவில்லை.

இச்சொற்கள் ஆங்கிலேயன் அடுக்களையிலும் கடைத்தெருவிலும் வழங்கும் சொற்களா? இல்லை. பெரும்பாலானவை இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் கொண்டுவந்து குவித்தவை. இக்குவியலை எதிர்த்து ஆங்கிலேயருள்ளேயே குரல் எழுந்ததுண்டு. 16-ஆம் நூற்றாண்டில் சான் சீக்கு என்னும் அறிஞர், பிறமொழிக் கலப்பின்றி ஆங்கிலம் எழுதப்பெறல் வேண்டும் என்றார். 19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் பார்னசு என்னும் பாவலர், இலக்கணத்தைக் குறிக்கும் ‘கிராமர்’ என்னும் கிரேக்க வழிச் சொல்லை விலக்கி, ‘சுபீச்சு கிராப்டு’ என்னும் தம் மொழிச் சொல்லையே ஆக்கி, 1878-இல் அப்பெயரால் நூலும் எழுதினார். தனித்தமிழ் என்றால் நகைப்பவர், தனி ஆங்கிலம் வேண்டியவர் வரலாற்றையும் சிறிது படித்தல் நன்று.

தேர்வு நடத்துவோரே 2011-இல் எதிர்ச்சொல் வினாக்களையும் சொல்லொப்புமை வினாக்களையும் அடியோடு நீக்கிவிட்டனர். தனித்து நிற்கும் சொல்லுக்குப் பொருள் கேட்பது ஒழிந்து, சொற்றொடருக்குள் பொருந்தும் சொல்லைத் தேர்வதே எஞ்சியது. இத்தேர்வு ஆராய்ச்சித் திறனை அளக்கவில்லை என்று 2014-இல் ‘நேச்சர்’ இதழில் அமெரிக்க அறிவியலாளர் இருவர் எழுதினர். அதன்பின் அங்குள்ள துறைகள் பல இதனைக் கைவிட்டன. ஆயினும் அரிய ஆங்கிலச்சொல் அறிந்தவனே அறிவாளி என்னும் மயக்கம் மட்டும் இங்குக் குறையவில்லை.

இனி, உண்மையான வினாவிற்கு வருதல் வேண்டும். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் பயிற்றத் தொடங்கியபோது, “கலைச்சொல்லெல்லாம் விளங்காதே!” என்று அழுதவர் யார்? ஐந்தாறு திங்களில் மூவாயிரம் அயற்சொல்லைத் தன் மகன் உருவேற்றுவதைக் கண்டு மகிழ்ந்த அதே தந்தைதாம்! விசையும் அழுத்தமும் உராய்வும் விளங்கா; ‘அபேட்டு’ விளங்குமாம்! அருமை சொல்லில் இல்லை, உள்ளத்தில் உள்ளது. ஊதியம் தரும் என்றால் எச்சொல்லும் எளிது. தாய் தந்தாள் என்றால் எச்சொல்லும் அரிது!

ஓயாது பேசுபவனுக்குக் ‘கேருலசு’ என்றும் ‘இலொக்குவேசியசு’ என்றும் இரு சொற்களை வேறுபாடறிந்து கற்கும் அம்மாணவனிடம், தமிழில் பேசுதலின் வகைகளைக் கேட்டுப் பாருங்கள். கடிந்து சொல்வது கழறல். பலரறியச் சொல்வது சாற்றல். விலை கூறி விற்பது பகர்தல். நூற்பொருள் உரைப்பது நுவலல். மழலை பேசுவது மிழற்றல். பித்தனைப் போற் பேசுவது பிதற்றல். இவற்றுள் அவன் அறிந்தது பிதற்றல் ஒன்றே!

அப்பட்டியல்களில் ‘பரையா’ என்றும் ஒரு சொல் வருகின்றது. பொருள்: குமுகாயத்தினின்று ஒதுக்கப்பட்டவன். அஃது எவர் சொல்? பறை என்னும் தமிழ்ச்சொல்லடியாய்ப் பிறந்த பறையர் என்னும் பெயரன்றோ அது! 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துட் புகுந்து, ஒரு மக்களின் பெயர் ஒரு வசையாய் ஆயிற்று. அப்பெயருக்கு இழிவை ஏற்றியது இங்குள்ள பிறவி வேற்றுமைக் கொடுமை. அவ்விழிவை உலகெங்கும் பரப்பியது ஆங்கிலம். உடன்பிறந்த மக்களின் பெயரை ‘ஒதுக்கப்பட்டவன்’ என்று அட்டையில் எழுதி, மதிப்பெண்ணுக்காக உருவேற்றுகின்றான் தமிழ் மாணவன். நெஞ்சு சிறிதேனும் உறுத்த வேண்டாவா?

ஆங்கிலம் கற்பது குற்றமன்று. கடல் கடப்பவனுக்குக் கலம் வேண்டும்; கற்கட்டும், தேர்வில் வெல்லட்டும், சென்று வரட்டும்! ஆனால், கலத்தைத் தலையிற் சுமந்து வீட்டுக்குள் நடப்பவனை என்னென்பது? நாளொன்றுக்கு முப்பது அயற்சொல் கற்கும் ஆற்றல் உடையவன், நாளொன்றுக்கு மூன்று தமிழ்ச்சொல் கற்க இயலாதென்பது பொய். 3,500 சொற்களை உருவேற்றிய மூளையே அதற்குச் சான்று. அவ்வட்டைகளின் அடுக்கில் நாளும் மூன்று தமிழ் அட்டைகள் சேரட்டும். “தமிழ் விளங்காது” என்னும் பேச்சு அன்றே ஒழியும்!