மூத்த வேகப்பந்து வீச்சாளர் எந்த அணியைத் தேடிப் போகிறார்?

வங்காள அணியின் நெடுநாள் ஆட்டக்காரர் ஒருவர் வேறு மாநில அணிக்குப் பெயர்கிறார் என்ற செய்தி வந்ததும் கொல்கத்தாவில் இரண்டு விளக்கங்கள் கிடைத்துவிடும். பணத்துக்காகப் போகிறார் என்பது ஒன்று. மனக்கசப்பில் போகிறார் என்பது மற்றொன்று. 2020இல் அசோக் திண்டா கோவாவுக்குச் சென்றபோதும், 2022இல் விருத்திமான் சாஹா திரிபுராவுக்குச் சென்றபோதும் பேச்சு இந்த இரண்டைச் சுற்றியே நடந்தது. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஒருவர் ஏன் வெளியேறினார் என்பதற்கு மட்டுமே இவை விடை சொல்கின்றன. வெளியேறியவர் ஏன் குறிப்பிட்ட ஓர் அணியைத் தேர்ந்தார் என்ற கேள்வியை இவை தொடுவதே இல்லை. உள்ளூர்க் கிரிக்கெட்டைப் புரிந்துகொள்ள அந்தக் கேள்வியே முக்கியமானது.

முதலில் பணம். ரஞ்சிக் கோப்பையில் ஆட்ட ஊதியத்தைத் தருவது இந்தியக் கிரிக்கெட் வாரியம். 2021இல் வாரியம் அறிவித்த ஊதிய வரிசைப்படி, நாற்பது ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கு நாளொன்றுக்கு 60,000 ரூபாய்; இருபத்தொன்று முதல் நாற்பது வரை ஆடியவருக்கு 50,000; அதற்கும் குறைந்தவருக்கு 40,000. மூத்த ஆட்டக்காரர் ஈடன் கார்டனில் ஆடினாலும் அகர்தலாவில் ஆடினாலும் இந்தத் தொகை மாறாது. வெளியூர் ஆட்டக்காரருக்கு மாநிலச் சங்கம் தனியே ஒரு தொகை தருகிறது என்பது மெய்யே. ஆனால் அப்படித் தர முன்வரும் சங்கங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் அவர் தேர்வதன் காரணம் அந்தத் தொகையில் இல்லை.

யார் எங்கே போனார்கள் என்று பார்த்தால் ஒரு வடிவம் தெரிகிறது. இராஜஸ்தானின் தூணாக விளங்கியவரும், 2014இல் இங்கிலாந்து மண்ணில் இரண்டு டெஸ்டுகள் ஆடியவருமான பங்கஜ் சிங் 2018இல் புதுச்சேரிக்குச் சென்றார். கர்நாடகத்துக்குத் தலைமையேற்று 2013-14, 2014-15 பருவங்களில் ரஞ்சிக் கோப்பையை வென்ற வினய் குமார், பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் 2019இல் அதே புதுச்சேரிக்குப் பெயர்ந்தார். திண்டா போனது கோவாவுக்கு. மூவரும் வேகப்பந்து வீச்சாளர்கள். மூவரும் முதல்தர ஆட்டத்தில் நானூறு விக்கெட்டுகளைத் தாண்டியவர்கள். மூவரும் கோப்பைக்கு அருகில் இல்லாத அணிகளையே தேர்ந்தார்கள். புதுச்சேரியோ 2018-19இல்தான் ரஞ்சிக் கோப்பைக்குள் நுழைந்தது.

இதை வீழ்ச்சி என்று படிப்பது எளிது. ஆனால் வேகப்பந்து வீச்சாளரின் நிலை மட்டையாளரின் நிலையிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. பதினொருவரில் ஒருவராகிவிட்ட மட்டையாளருக்கு அவருடைய முறை பெரும்பாலும் தானாகவே வரும். பந்துவீச்சாளருக்கு அப்படியில்லை. அணியில் இடம் கிடைத்த பிறகும், பந்து அணித்தலைவரின் கையிலிருந்துதான் வர வேண்டும். புதுப்பந்து யாருக்கு, காற்று வீசும் முனை யாருக்கு, மூன்றாம் நாள் பிற்பகலில் பழைய பந்தோடு ஓட வேண்டியவர் யார் என்பதை இன்னொருவர் முடிவு செய்கிறார். வலிமையான அணியில் அந்த முடிவு இயல்பாகவே இருபத்திரண்டு வயதுக்காரரின் பக்கம் சாயும். தேர்வாளர்கள் எதிர்காலத்தைக் கருதுகிறார்கள், கருதவும் வேண்டும்.

முப்பத்தைந்து வயது வீச்சாளருக்கோ ஓவர்களே மருந்து. ஓட்டத்தின் தாளமும் மணிக்கட்டின் நிலையும் வலைப்பயிற்சியில் முழுமையாக மீளுவதில்லை. ஆட்டத்தில் தொடர்ந்து வீசியே அவற்றை மீட்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஆடி, இரண்டில் வெளியே உட்கார்ந்தால் அந்த உடல் தளர்ந்துவிடும். ஆகவே அவர் தேடுவது உறுதியாக வீசக் கிடைக்கும் ஓவர்களை. ஓர் அணி மூன்று வெளியூர் ஆட்டக்காரரை மட்டுமே களமிறக்கலாம் என்பது விதி. அந்த மூன்றில் ஓர் இடத்தைக் கொடுத்து, தனித் தொகையும் கொடுத்து அழைத்து வந்தவரைச் சங்கம் எளிதில் வெளியே உட்கார வைக்காது. சிறிய அணியின் அழைப்பில் பணத்தைவிட மதிப்புள்ள பொருள் இந்த உறுதியே.

விளையாட்டும் நாடும் மாறினாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. அமெரிக்க பேஸ்பாலில் மூத்த பந்தெறிவாளர்கள் பெருங்குழுக்களின் கீழ்நிலை அணிகளில் ஒப்பந்தமாவது வழக்கம். முதல் அணியில் எறிவாளர் பற்றாக்குறை எங்கே இருக்கிறது, காயம்பட்டவர் யார், எத்தனை வாரத்தில் அழைப்பு வரக்கூடும் என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் மேலே அழைக்காவிட்டால் விலகிக்கொள்ளும் உரிமையும் தகுதியுள்ள மூத்தவர்களுக்கு உண்டு. ரிச் ஹில் 2015இல் எந்தப் பெருங்குழுவோடும் இணையாத லாங் ஐலண்ட் அணிக்கு எறிந்துகொண்டிருந்தார். அங்கிருந்து பாஸ்டன் குழுவோடு கீழ்நிலை ஒப்பந்தம் செய்து, செப்டம்பரில் நான்கு ஆட்டங்களைத் தொடங்கும் வாய்ப்பைப் பெற்றார். அந்த நான்கு ஆட்டங்கள் அவருடைய வாழ்க்கையையே மாற்றின. அடுத்த பருவத்துக்கு ஓக்லண்ட் 60 இலட்சம் டாலர் கொடுத்தது. 2025இல், 45ஆம் வயதில், கான்சாஸ் நகரக் குழுவோடு மீண்டும் கீழ்நிலை ஒப்பந்தம் செய்து பெருங்குழுவில் எறிந்தார். அது அவருக்குப் பதினான்காவது அணி. அவரை நாடோடி என்று யாரும் இகழ்வதில்லை.

இந்தியாவில் சொல்லே சிக்கலை உண்டாக்குகிறது. வெளியூரிலிருந்து வந்து ஆடுபவரை இங்கே ‘புரொபஷனல்’ என்று குறிக்கிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரர் என்று பொருள்படும் சொல், நம் வழக்கில் அயலார் என்ற பொருளைப் பெற்றுவிட்டது. அப்படியானால் சொந்த மாநிலத்துக்கு ஆடுபவர் தொழில்முறையாளர் இல்லையா? அவரும் அதே வாரியத்திடம் அதே ஊதியம் பெறுபவர்தான். ஆனால் சொற்பொருள் பிரிந்ததும் அறமும் பிரிந்துவிடுகிறது. சொந்த ஊருக்கு ஆடுவது கடமை என்றும் வெளியூருக்கு ஆடுவது கூலி என்றும் நினைக்கத் தொடங்குகிறோம். பெயர்ந்து செல்பவரைப் பற்றிய கசப்பில் பாதி இந்தச் சொல்லிலிருந்து பிறக்கிறது.

இத்தகைய கசப்புக்குக் கொல்கத்தாவிடம் மற்ற நகரங்களைவிடக் குறைவான நியாயமே உண்டு. ஏனெனில் வங்காளத்தின் வேகப்பந்து வீச்சு, வந்தேறியவர்களால் வளர்ந்தது. முகமது ஷமி உத்தரப் பிரதேசத்தின் அம்ரோகா பகுதியைச் சேர்ந்தவர். அந்த மாநிலத்தின் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணியில் இடம் கிடைக்காத நிலையில், பயிற்சியாளரின் சொற்கேட்டுக் கொல்கத்தாவுக்கு வந்து, டல்ஹவுசி, டவுன் கிளப் முதலிய மைதான் கழகங்களில் வீசி, 2010இல் வங்காள அணிக்குள் நுழைந்தார். முகேஷ் குமார் பிகாரின் கோபால்கஞ்சிலிருந்து வந்தவர். ஆகாஷ் தீப் அதே மாநிலத்தின் சசாராமைச் சேர்ந்தவர். பிகாருக்கு நெடுங்காலம் ரஞ்சிக் கோப்பையில் இடமே இல்லாதிருந்தது. 2018-19இல்தான் அது திரும்பியது. பந்து கிடைக்காத ஊரிலிருந்து பந்து கிடைக்கும் ஊருக்கு இவர்கள் வந்தார்கள். மூவரும் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடினார்கள். கொல்கத்தா மூவரையும் தன் பிள்ளைகளாகக் கொண்டாடுகிறது. மட்டையாளர்களிலும் இந்த வழக்கம் உண்டு. தில்லியிலிருந்து வந்த அருண் லால், 1989-90இல் வங்காளம் ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அணியின் நடுநாயகமாக இருந்தார்.

இளம் வயதில் ஷமி செய்ததைத்தான் முப்பத்தாறு வயதில் திண்டா செய்தார். திசை மட்டும் வேறு. வருபவரின் முடிவைத் துணிவு என்று புகழ்ந்துவிட்டு, போகிறவரின் முடிவைத் துரோகம் என்று சொல்வது ஒரே செயலுக்கு இரண்டு அளவுகோல் வைப்பதாகும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மூத்தவர் தமக்கு ஓவர் தேடிப் போகிறார்; ஆனால் அந்த ஓவர்கள் யாருடையவை? பதினொரு இடங்களில் மூன்று வெளியூராருக்குப் போனால், அகர்தலாவிலோ புதுச்சேரியிலோ வளரும் இளைஞர் மூவர் வெளியே நிற்கிறார்கள். இந்த இழப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் விதர்பா வேறொரு விடையைக் காட்டியது. 2015இல் மும்பையிலிருந்து அங்கே சென்ற வாசிம் ஜாபர், 2018-19இல் நாற்பது வயதில் 1,037 ஓட்டங்கள் குவித்தார். அணி அடுத்தடுத்து இருமுறை கோப்பையை வென்றது. முதல் வெற்றியின்போது, இறுதியாட்டத்தில் ஹாட்ரிக் எடுத்தவர் விதர்பாவில் உருவான இளைஞர் ரஜனீஷ் குர்பானி. ரஞ்சி இறுதியாட்டத்தில் அதற்கு முன் அதைச் செய்தவர் தமிழ்நாட்டின் கல்யாணசுந்தரம் ஒருவரே; அது 1972-73 பருவம். மூத்தவர் வந்ததனால் இளையோரின் வாசல் அடைபட வேண்டும் என்பதில்லை.

எனவே சிறிய சங்கங்கள் கேட்க வேண்டியது விக்கெட்டை மட்டுமன்று. சாஹாவைத் திரிபுரா ஆட்டக்காரராகவும் வழிகாட்டியாகவும் சேர்த்தது. இது சரியான முன்மாதிரி. நாற்பது டெஸ்டுகள் ஆடிய விக்கெட் காப்பாளர், இளைஞர்களோடு தம் தாய்மொழியிலேயே பேசக்கூடிய ஊர் அகர்தலா. அங்கே பெருவழக்காக உள்ளது வங்காளமே. நுட்பத்தைக் கைமாற்றுவதற்கு மொழி எவ்வளவு தேவை என்பதை ஒப்பந்தங்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஆட்டக்காரர்கள் எடுக்கிறார்கள் எனலாம்.

வங்காளத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. பயிற்சிக் குழுவில் ஒருவரோடு ஏற்பட்ட மோதலை அடுத்து 2019 டிசம்பரில் திண்டா அணியிலிருந்து விலக்கப்பட்டார். அவர் இல்லாமலேயே அந்தப் பருவத்தில் வங்காளம் இறுதியாட்டத்தை எட்டியது. இளையவர்களை நம்பியது தவறன்று என்பதற்கு அதுவே சான்று. ஆனால் ஒருவரை விலக்குவது சரியா என்பது ஒரு கேள்வி. எப்படி விலக்குவது என்பது வேறொரு கேள்வி. திண்டாவின் கதை முடிந்த விதம் துயரமானது. அவர் கோவாவுக்குச் சென்ற பருவத்தில் கொரோனாவால் ரஞ்சிக் கோப்பையே நடக்கவில்லை. மூன்று இருபது ஓவர் ஆட்டங்களோடு, 2021 பிப்ரவரியில் அவர் ஓய்வை அறிவித்தார். 420 முதல்தர விக்கெட்டுகளில் ஒன்றுகூட அவர் தேடிப்போன அணிக்காக எடுத்ததன்று.

சாஹாவின் கதை வேறுவிதமாக முடிந்தது. சங்க அலுவலர் ஒருவர் அவருடைய ஈடுபாட்டைக் கேள்விக்குள்ளாக்கியதால் மனம் புண்பட்டு வெளியேறியவர், இரண்டு பருவங்களுக்குப் பின் 2024இல் வங்காளத்துக்குத் திரும்பினார். 2025 தொடக்கத்தில் ஈடன் கார்டனில் பஞ்சாபுக்கு எதிராக அவருடைய கடைசி ஆட்டம் நடந்தது. அதில் அவர் ஓட்டம் எதுவும் எடுக்கவில்லை; வங்காளம் இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. அவர் விடைபெற்றது சொந்த மைதானத்தில், சொந்த அணியின் உடையில். கதவு திறந்திருந்ததால் அது நடந்தது.

அந்தக் கதவை நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடாமல் வழக்கமாக்கலாம். முப்பத்துமூன்று வயதைத் தாண்டிய ஆட்டக்காரரிடம், பருவம் தொடங்கும் முன்பே, எத்தனை ஆட்டங்களில் அவரை எதிர்பார்க்கிறோம் என்று சங்கம் நேரில் சொல்லிவிடலாம். பூச்சியம் என்றால் அதையும் சொல்லலாம். அவர் வேறு அணியைத் தேட அப்போது காலம் இருக்கும். தடையின்மைச் சான்றை விசாரணையாக்காமல் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம்; திரும்பி வர விரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே நாளில் பேசிவிடலாம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

முகேஷ் குமார் 1993இல் பிறந்தவர். ஆகாஷ் தீப் 1996இல் பிறந்தவர். வேகப்பந்து வீச்சாளர்களின் காலம் விரைவாகக் கழியும். பந்துக்காகக் கொல்கத்தாவைத் தேடிவந்த இந்த இருவருக்கும், இங்கே பந்து கிடைக்காத நாள் ஒன்று வரும். அன்று அவர்கள் வேறோர் ஊரின் பெயரைச் சொல்லிச் சான்று கேட்டால், அதை எப்படிக் கொடுப்பது என்பதை வங்காளம் இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.