எண்ணினால் நாவல் செத்துவிடாது

“நாவலைக் கணினியிடம் கொடுப்பதா? இலக்கியம் என்ன கணக்குப் பாடமா?” சொல் எண்ணிக்கை என்று பேச்செடுத்தாலே நல்ல வாசகர்கள்கூடக் கொதிக்கிறார்கள். எண்ணத் தொடங்கினால் படைப்பின் உயிர் போய்விடும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு, வாசிப்புக்கே கேடும்கூட.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் பர்ரோஸ், ஜேன் ஆஸ்டினின் நாவல்களைக் கணினியால் ஆராய்ந்து 1987இல் ஒரு நூல் வெளியிட்டார். காதல், கௌரவம், சொத்து போன்ற கனத்த சொற்களை அவர் தேடிப் போகவில்லை. ‘தி’, ‘ஆஃப்’, ‘ஐ’, ‘நாட்’ என்று கண் நிற்காமல் தாண்டிப்போகும் 30 சில்லறைச் சொற்களை எடுத்துக்கொண்டார். ஆஸ்டினின் பக்கங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இவைதான். விமர்சகர்களோ அந்தப் பங்கே அங்கு இல்லாததுபோல எழுதிவந்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் பேச்சையும் தனியே பிரித்து எண்ணியபோது, இந்தச் சொற்கள் ஆளுக்கு ஆள் வேறு விகிதத்தில் விழுவது தெரிந்தது. ஆஸ்டினின் மாந்தர்களுக்குத் தனித்தனிக் குரல் உண்டு என்பதை வாசகர்கள் எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். அந்தக் குரல் இவ்வளவு அடியாழம் வரை இறங்கியிருப்பதை எந்தக் காதும் தானாகக் கேட்டிருக்க முடியாது. ஆஸ்டினே அறிந்து செய்தாரா என்பது ஐயம்தான். இதை அறிந்தபின் அவர்மீது என் வியப்பு பெருகியது. இதில் செத்தது எது?

புத்தகத்தைத் திறக்காமலே வரைபடம் போட்டு நீட்டுபவர்கள்மீது எனக்கும் கோபம் உண்டு. பர்ரோஸ் அந்த ரகம் அல்ல; ஆஸ்டினில் ஊறியவர்.

எண்ணிக்கை ஒரு எழுத்தாளரின் மானத்தையும் காத்திருக்கிறது. ‘அமைதியான டான்’ என்ற ரஷ்ய நாவல் 1928இல் வெளிவரத் தொடங்கியபோது அதன் ஆசிரியர் ஷோலகோவுக்கு வயது 22. இந்தப் பையன் எழுதியிருக்க முடியாது, யாரோ எழுதியதைத் திருடிவிட்டான் என்ற பழி உடனே கிளம்பியது. 1920இல் இறந்த ரஷ்ய எழுத்தாளர் க்ரியூக்கோவ்தான் உண்மையான ஆசிரியர் என்ற வாதம் 1970களில் வலுத்தது. எழுத்தாளர் சோல்ஷெனிட்சினும் அதன் பக்கம் நின்றார். நார்வே அறிஞர் கெய்ர் ஷெட்சோவின் குழு வாக்கிய நீளத்தையும் சொல்வளத்தையும் கணினியில் ஒப்பிட்டது. நாவல் க்ரியூக்கோவின் நடையிலிருந்து விலகி நின்றது, ஷோலகோவின் நடையோடு பொருந்தியது. முடிவு நூலாக வந்த 1984இல்தான் ஷோலகோவ் காலமானார். தொலைந்ததாகக் கருதப்பட்ட அவருடைய கையெழுத்துப் பிரதிகள் மாஸ்கோவின் உலக இலக்கிய நிறுவனத்துக்கு வந்துசேர்ந்தது 1999இல். அதுவரை, ஆதரித்தவரும் எதிர்த்தவரும் ஒருபோலச் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய சான்றாக இருந்தது அந்தக் கணக்கு.