பொழுதுபோக்கும் முதலீடும்

பொழுதுபோக்கிற்கு இடும் பணம் செலவன்று, முதலீடே என்னும் புதுமொழி இன்று மலேசியத் தமிழ்க் குடும்பங்களிலும் செவிப்படுகின்றது. அஞ்சல் தலை திரட்டுவோரும், பழங்காசு தேடுவோரும், புகைப்படக் கருவிகளை வாங்கிக் குவிப்போரும் இம்மொழியைக் கவசமாக அணிந்துகொள்கின்றனர். மாதக் கடைசியில் கைம்மாற்று வாங்கும் இல்லங்களிலும் இது ஒலிப்பதுதான் வருந்தத்தக்கது. பெயரை மாற்றிவிட்டால் செலவு முதலீடாகிவிடுமா?

முதலீட்டிற்கு இலக்கணம் உண்டு. இட்ட முதல் மீள வேண்டும். அதனோடு ஊதியமும் சேர வேண்டும். விற்கும் வேளையில் வாங்குவார் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் அமையாதது விருப்பச் செலவே. விருப்பச் செலவு குற்றமன்று. அதற்கு வேடம் புனைவதே குற்றம்.

அஞ்சல் தலையையே சான்றாகக் கொள்ளலாம். 1867-ஆம் ஆண்டில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் முடியாட்சியின் நேரடி ஆளுகைக்கு வந்தபோது, இந்திய அஞ்சல் தலைகளின்மீது மகுடமும் சென்ட் மதிப்பும் அச்சிட்டு வழங்கப்பட்டன. அவற்றுள் பழுதுபடாதவை இன்று அரும்பொருள்கள். காரணம் யாது? அவை கடிதம் விடுப்பதற்கென்றே பிறந்தவை. பயன்பட்டு அழிந்தவை போக எஞ்சியவை சிலவே. பிற்காலத்து முதல் நாள் உறைகளோ சேர்ப்போரை எண்ணியே ஏராளமாக வெளியிடப்பட்டவை. வாங்கியோரும் அவற்றைப் பேழையில் வைத்துக் காத்தனர். எல்லார் வீட்டிலும் உள்ள பொருளுக்கு மிகுவிலை தருபவர் எவர்?

கணக்கும் இதனையே உரைக்கும். 100 வெள்ளி, ஆண்டுக்கு 5 விழுக்காடு கூட்டு வட்டியில் 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 265 வெள்ளியாகும். 100 வெள்ளிக்கு வாங்கிய உறைத்தொகுதி, வணிகரின் கழிவு போக, அத்தொகையையேனும் ஈட்டாவிடின் அதனை ஊதியம் என்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

முதலீடு இன்னதென்பதை இம்மண்ணின் தோட்டத் தொழிலாளர் பிறர்க்குக் காட்டியவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், குறைந்த கூலி பெற்றவர்கள் தவணையாகப் பணம் செலுத்திப் பங்கு பெற்றனர். சிறுதொகைகள் திரண்டு தோட்டங்களாயின. அவர்கள் செலவுக்குப் புதுப்பெயர் தேடவில்லை. செலவைச் சுருக்கி நிலம் தேடினர்.

அவ்வாறாயின் பொழுதுபோக்கே வேண்டாவோ எனச் சிலர் வினவுவர். வேண்டும். தையலும், தோட்டக்கலையும், இசையும், படம் பிடித்தலும் கைத்திறனாக முதிருமாயின் நாளை வருவாயும் தரலாம். ஆயின் அங்கு முதலாவது கருவியன்று, பயிற்சி. ஒரே கருவியைக் கொண்டு நூறு படம் எடுத்துப் பழகிய மாணவன், பத்துக் கருவிகளை அலமாரியில் அடுக்கியவனினும் செல்வனாவான்.

ஆதலின் தமிழாசிரியர்கள் மாணவர் கையில் சேகரிப்பேட்டைத் தருமுன் கணக்கேட்டைத் தருதல் வேண்டும். வாங்கிய நாள், கொடுத்த விலை, விற்றபின் கிடைத்த தொகை ஆகிய மூன்றையும் அவர்கள் எழுதிவரட்டும். மகிழ்ச்சிக்கென வருவாயில் ஒரு பகுதியை வரையறுத்து, அதனை மகிழ்ச்சி என்றே எழுதட்டும்.

வரவும் செலவும் பற்றிய கருத்தைத் திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்துள்ளார். தன் பொருளின் அளவை அறிதலும் வலிமையே என்பதை உணராத கல்வி, ஏட்டோடு நின்றுவிடும்.